போல்ட்டின் மேல் பூசணிப்பூ

எனக்கு வாய் முந்தும்; புத்தி அடுத்த பஸ்ஸில் வந்து சேரும். பெற்றவர்களில் தொடங்கி கூட வேலை பார்த்தவர்கள் வரை இதை என்னிடம் சொல்லாதவர்கள் கிடையாது. சொன்னவர்களிடமெல்லாம் சண்டையும் போட்டிருக்கிறேன். இப்போது எழுதப் போவது நான் சண்டை போட முடியாமல் போன ஒரு தடவையைப் பற்றி.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில், அடையாறில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சென்னையின் தரை எங்கே, எவ்வளவு இறங்குகிறது என்பதை வானத்திலிருந்து அளக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. வீட்டுக்கு வீடு போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிய இடங்களிலெல்லாம் போன வருடத்தை விட ஆழமாகத் துளை போட்டார்கள். அடியில் களிமண் இருக்கும் இடத்தில் தண்ணீர் வற்றினால் மேலே உள்ள தரை கொஞ்சம் அமுங்கும். கொஞ்சம் என்றால் மில்லிமீட்டர் கணக்கு. மேலே குடியிருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்பாவுக்கு தி. நகரில் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். "தரை எறங்குதான்னு பாக்கதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். பிறகு யோசித்து, "நம்ம கடை எறங்கியிருக்கான்னு பாத்துச் சொல்லு, மிச்சத்த அப்புறம் பாப்போம்" என்றார். பார்த்துச் சொன்னேன். இறங்கவில்லை. அவருக்கு அதில் லேசான ஏமாற்றம் என்றுதான் எனக்குப் பட்டது.

செயற்கைக்கோள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுவது சுலபம். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அது அதே பாதையில் நம் தலைக்கு மேலே போகும். போகும்போது ரேடார் அலையைக் கீழே அனுப்பி, கட்டிடங்களில் பட்டுத் திரும்புவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழியில் பிடித்ததையும் ஆனியில் பிடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் தரை இறங்கிய இடத்தில் அலை ஒரு நூல் அதிகமாகப் பயணம் செய்திருக்கும். கம்ப்யூட்டர் அந்த நூலை நிறமாக மாற்றிக் காட்டும். சொல்வதுதான் சுலபம். செயற்கைக்கோள் பிடித்ததைப் பதிந்த டேப் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். எங்கள் கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஒன்றே முக்கால் நாளில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மின்வாரியத்தை நான் திட்டிய திட்டு அந்த மாடிச் சுவர்களுக்குத் தெரியும்.

என் பேராசிரியருக்கு வானத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. முப்பது வருடம், தரையின் உயரத்தை அளக்கும் லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர். என் முதல் படத்தை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அழகா இருக்கும்மா. அழகா இருக்கறதெல்லாம் உண்மைன்னு எடுத்துக்க முடியுமா?" என்றார். அன்றே ஒரு நிபந்தனையும் போட்டார். ரேடார் படம் எடுக்கும் அதே நாட்களில் நாங்கள் தரையிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் என் ஆராய்ச்சி நிற்கும். ஒத்துப்போகாவிட்டால், இந்த ஊருக்கு இந்த முறை லாயக்கில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு தலைப்புக்குப் போய்விட வேண்டும். மூன்று வருட உழைப்பு அதோடு சரி.

தரையில் அளப்பதற்குக் கிண்டிப் பக்கம் பாறையில் பதித்த ஒரு குறியிலிருந்து கிளம்புவோம். பாறை இறங்காது என்பதால் அதுதான் ஆதாரம். அங்கிருந்து அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர், தி. நகர் என்று சுற்றி மறுபடி பாறைக்கே வந்து சேர வேண்டும். வழியில் இருபது இடங்களில் பித்தளை போல்ட் பதித்திருந்தோம். போஸ்டாபீஸ் படி, பள்ளிக்கூடத் திண்டு, பாலத்தின் அடி, இப்படி. நான் கருவிக்குப் பின்னால் நிற்பேன். முப்பது மீட்டர் தள்ளி இன்னொருவர் உயரமான அளவுகோலை போல்ட்டின் தலையில் நிறுத்திப் பிடிப்பார். கோலில் தெரியும் எண்ணைத் தொலைநோக்கி வழியாகப் படித்து ஃபீல்டு புக்கில் எழுதுவேன். பழைய கருவியாதலால் எண் தலைகீழாகத் தெரியும். கோலின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், அடி தெரியாது. அது எங்கே ஊன்றியிருக்கிறது என்பது பிடித்திருப்பவருக்குத்தான் வெளிச்சம்.

பிடித்திருந்தவர் எங்கள் கலாசி. சர்வே வேலையில் கோல் பிடிப்பவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சைதாப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். கோலை அவர் நிறுத்தினால் அதிலிருக்கும் ரசமட்டக் குமிழி நடுவிலிருந்து அசையாது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு நாட்டில் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு, ஆனால் கோல் கையிலிருக்கும்போது பேச மாட்டார். இறக்கி வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

முதல் சுற்று மார்கழியில். வெயில் ஏறினால் காற்று நெளியும், எண் ஆடும் என்பதால் விடிந்ததும் ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துக்கொள்வோம். அந்த நாட்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. மாட வீதியில் பஜனை கோஷ்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போகும். கருவியை ஏதோ கேமரா என்று நினைத்துச் சிலர் தலையைச் சரிசெய்துகொண்டு கடப்பார்கள். வேலை முடிந்து பக்கத்தில் லஸ் முனையில் ஒரு மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சாப்பிடுவோம். பொங்கலில் மிளகு குறைந்துவிட்டது என்று கலாசி தினமும் சொல்வார், தினமும் இரண்டாவது தடவை வாங்குவார். அந்த வயதில் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

இருபதில் ஒரு போல்ட் மட்டும் ஒரு வீட்டுப் படியில் இருந்தது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சுற்றிலும் புது ஃப்ளாட்டுகள், நடுவில் ஒரே ஒரு தனி வீடு. அங்கே பொதுக்கட்டிடம் எதுவும் இல்லாததால் அந்த வீட்டு மாமியைக் கேட்டோம். அவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வாசல்படிக் கல்லில் ஓட்டை போட வேண்டும் என்றதும் எதற்கு, ஏன், யார் கையெழுத்து என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டு, "போடுங்கோ. ஆனா நேரா போடுங்கோ" என்றார். போல்ட்டின் தலை கல்லுக்கு மேல் ஏறக்குறைய ஓர் அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. பித்தளை ஆயிற்றே என்று வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார் மாமி. எங்கள் இருபது போல்ட்டில் மின்னியது அது ஒன்றுதான். புளி தேய்த்து எத்தனை மைக்ரான் போனதோ என்று பேராசிரியர் கவலைப்பட்டார்.

மார்கழியில் நாங்கள் அங்கே போனபோது மாமி வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்தார். கோலம் தெருவில் தொடங்கி படி வரை ஏறியிருந்தது. போல்ட்டின் தலையில் சாண உருண்டை, அதன் மேல் பூசணிப்பூ. ஒரு பூவை உட்கார வைக்க அதை விட நல்ல இடம் கிடைக்காது. மாமி எங்கள் எல்லோருக்கும் காபி கொடுத்தார். டிகாக்ஷன் மணமும் பனியும், பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டும். அந்தக் காலையைப் பற்றி என்னைக் கேட்டிருந்தால் காபி நன்றாக இருந்தது என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது சுற்று ஆனியில். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசையில் நின்ற நேரம், கிணறுகளில் தரை தெரிந்த நேரம். மறுபடி இருபது இடமும் அளந்து முடித்தோம். சில மாதம் கழித்து டேப் வந்தது, கம்ப்யூட்டர் அதிசயமாக இரண்டு நாள் நிற்காமல் ஓடியது, படம் வந்தது.

நகரம் முழுக்க ஒரே நிறம். எதுவும் நகரவில்லை. குளத்துக்குப் பின்னால் அந்தச் சந்து இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு திட்டு வேறு நிறத்தில் இருந்தது. ரேடார் கணக்குப்படி அங்கே தரை பதினோரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அந்தத் திட்டில் எங்களிடம் இருந்தது மாமி வீட்டு போல்ட் மட்டும்தான். ஃபீல்டு புக்கை எடுத்துக் கணக்குப் போட்டேன். மற்ற பத்தொன்பது இடமும் ரேடாரோடு ஒத்துப்போயிற்று. மாமி வீட்டுப் படி மட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது.

கணக்கை நாலு தரம் போட்டேன். ஏறித்தான் இருந்தது.

பத்தொன்பது ஒத்துப்போகிறதே என்று பேராசிரியரிடம் வாதாடினேன். அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அந்தப் பத்தொம்பதும் நகரவே இல்லையேம்மா. நகராத எடத்துல நகரலைன்னு சொல்றதுக்கு ரேடார் எதுக்கு? நகர்ந்ததா அது சொல்றது ஒரே ஒரு எடம். அங்க தப்பா சொல்றது." அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. என் ஆராய்ச்சி மொத்தமும் அந்த ஒற்றை போல்ட்டின் மேல் நின்றது.

அப்போதுதான் என் வாய் முந்தியது. ரேடார் தப்பில்லை, என் கணக்கு தப்பில்லை, கருவியைச் சோதித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது கோல் பிடித்தவர்தான். நேரே கீழே போய், வராந்தாவில் பீடி பற்ற வைக்கப் போனவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மாமி வீட்டுப் படியில கோலை ஒழுங்கா வெச்சீங்களா, இல்லையா?"

"அன்னிக்கு அந்த மாமி வூட்டாண்ட இன்னா ஆச்சுன்னா மேடம்..."

"கதை வேண்டாம். ஒழுங்கா பிடிக்கத் தெரியலேன்னா முதல்லயே சொல்லியிருக்கணும். மூணு வருஷ வேலை போச்சு எனக்கு."

இன்னும் பேசினேன். வராந்தாவில் நாலு பேர் இருந்தார்கள். அவர் பீடியைப் பற்ற வைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவரை வைத்து இனி அளக்க முடியாது என்று பேராசிரியரிடம் சொல்லி, அவரைத் தரைத்தளத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்ற வைத்தேன். கருவிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும் வேலை. தெருவில் நடந்தே பழகியவர் அங்கே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்தார்.

அதோடு என் மனம் ஆறியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. கோலைச் சாய்த்துப் பிடித்தாலும், போல்ட்டின் ஓரத்தில் வைத்தாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பிசகும், இறங்கிய பதினொன்றும் ஏறிய பன்னிரண்டும் சேர்ந்த இருபத்து மூன்று பிசகாது என்பது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வங்கி விட்டு வரும் நேரம் பார்த்து மாமி வீட்டுக்குப் போனேன். போல்ட் அசையாமல் இருந்தது, மின்னிக்கொண்டும் இருந்தது. மாமி அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார்.

"வாம்மா. என்ன, மறுபடியும் அளக்கணுமா?"

படியில் ஏதாவது வேலை செய்தீர்களா, கல்லை மாற்றினீர்களா என்று கேட்டேன். "எங்காத்துல யாரும் அதைத் தொடலையே" என்றார். பிறகு காபி கலக்கப் போனவர் சமையலறையிலிருந்தே பேசினார். "அந்த மனுஷர் எங்கே? நல்ல மனுஷர். மார்கழியில வந்தப்போ பித்தளை மேலதான் வெக்கணும்னு அடிச்சுச் சொன்னாரே. நான்கூட பூவை எடுத்துடறேன்னேன். நீதானேம்மா வேண்டாம், கோலம் கலைஞ்சுடும், பக்கத்துல கல்லு மேல வெச்சு எடுத்துக்கறோம்னு சொன்னே?"

மாமி சொல்லச் சொல்ல அந்தக் காலை முழுசாக வந்து நின்றது. காபி டம்ளர் கையில். இவ்வளவு அழகான கோலம், எதற்குக் கலைக்க வேண்டும் என்று தாராள மனதோடு நான்தான் சொன்னேன். போல்ட்டுக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்புறம் அளந்து புக்கில் எழுதிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். எழுதவில்லை. பொங்கல் சாப்பிடப் போய்விட்டேன்.

"அப்புறம் எங்க வெச்சார் மாமி? கல்லு மேலயா?"

"அது தெரியாதே. பால் பொங்கற சத்தம் கேட்டு உள்ளே ஓடிட்டேன்."

எனக்கும் தெரியாது. நான் முப்பது மீட்டர் தள்ளிக் கருவிக்குப் பின்னால் போய்விட்டேன், கோலின் அடி எனக்குத் தெரியாது. அவரோ போல்ட் மேல்தான் வைக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவர். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பூவை எடுத்துவிட்டு போல்ட்டிலேயே வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் ரேடார் தப்பு, என் மூன்று வருடம் போச்சு. நான் சொன்னபடி கல்லில் வைத்திருந்தால் ரேடார் சரி. தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவரைத்தான் நான் நாலு பேர் நடுவில் கத்தி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியிருந்தேன்.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். பேராசிரியர் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இப்போதே கலாசியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டு வருகிறேன் என்றேன்.

"போகக் கூடாது" என்றார் பேராசிரியர்.

"ஏன் சார்?" என்றேன்.

"ரேடாரை எதுக்கு லெவல் வெச்சுச் சரிபாக்கறோம்? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம அளந்தது. அதனாலதான் ஒத்துப்போனா நம்பறோம். நீ போய் அழுது மன்னிப்புக் கேட்டா, உனக்கு என்ன பதில் வேணும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அவர் சொல்றது அளவு இல்ல. தாட்சண்யம்." பையை மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை நானே கேக்கறேன். அதுவரைக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சனிக்கிழமை அரை நாள் வேலை உண்டு. காலையில் டீக்கடையில் கலாசியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு அடி முன்னால் வந்தார், ஏதோ கேட்கத்தான் வந்தார். நான் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று விட முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே யோசனைதான். கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்றால் வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் எந்த மனுஷனும் பயப்படுவான். பயந்தவன் என்ன சொல்வான்? கோலை எங்கே வைக்க வேண்டுமோ அங்கேதான் வைத்தேன் என்பான். நான் கத்திய கத்தலே அவரைப் பொய் சொல்ல வைத்துவிடலாம். அப்படி நடந்தால் நான் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்பா என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, கடைத் தரை எறங்கிட்டா?" என்று கேட்டார். சிரிப்பும் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கலாசியை மேலே கூப்பிட்டார்கள். நான் அறையின் மூலையில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் டேங்க் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் கெட்டிக்காரர். எந்த இடம் முக்கியம் என்று தெரியாதபடி கேட்டார். "அடையாறு பாலத்துக்கிட்ட கோலை எங்க வெச்சீங்க?"

"போல்ட்டு மேல சார்."

"மந்தைவெளி போஸ்டாபீஸ்?"

"போல்ட்டு மேலதான் சார்."

குரலில் பயம் தெரிந்தது. ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"குளத்துக்குப் பின்னால, மாமி வீட்டுப் படி?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றார்கள். தண்ணீர் டேங்கின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பறந்தும் போய்விட்டது.

"மார்கழிலயா, ஆனிலயா சார்?"

இரண்டும் வேறு வேறு என்று அந்தக் கேள்வியிலேயே அவர் சொல்லிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டும் சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

"ஆனில போல்ட்டு மேல. மார்கழில கல்லு மேல சார். போல்ட்டுல பூ வெச்சிருந்தாங்க. தெருப்பக்கமா ஒரு சாண் தள்ளி வெச்சேன்."

"ஏன்?"

"மேடம் வெக்க சொன்னாங்க. நான் வேணான்னேன். பூவ நவுத்திக்கினு வெச்சிடலாம்னேன். கல்லுல வெச்சா புக்குல எயுதிக்கணும் மேடம்னேன். எயுதறேன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "இப்ப வேலய வுட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க சார். ஆனா நான் புட்ச்ச கோலு தப்பு இல்ல."

பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "இப்ப பேசலாம்" என்றார். எழுந்து நின்று, "அண்ணே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் பிந்தியது.

அன்று மத்தியானமே மூன்று பேரும் மயிலாப்பூருக்குப் போனோம். மாமி வங்கியில் இருந்தார், வாசலில் யாருமில்லை. எங்கே வைத்தீர்களோ அங்கே வையுங்கள் என்றார் பேராசிரியர். கலாசி குனிந்து, போல்ட்டிலிருந்து தெருப்பக்கமாக ஒரு சாண் அளந்து கோலை நிறுத்தினார். குமிழி நடுவில் நின்றது. பேராசிரியரே கருவிக்குப் பின்னால் நின்று படித்தார். பிறகு போல்ட்டின் மேல். மறுபடி கல்லில், மறுபடி போல்ட்டில். கல் போல்ட்டை விட இருபத்து நான்கு மில்லிமீட்டர் தாழ்வு; மார்கழியில் எழுதிய உயரம் அவ்வளவு குறைவு. பன்னிரண்டு ஏறியதாகக் காட்டியதில் இருபத்து நான்கைக் கழித்தால், படி பன்னிரண்டு இறங்கியிருந்தது. எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே பறந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் பதினொன்று என்று சொல்லியிருந்தது.

ஒரே ஒரு மில்லிமீட்டர். எனக்குத் தெருவில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும், யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லையே உன் ரேடார்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை யாருக்கும் கிடைத்ததில்லை.

"மார்கழிப் பக்கத்துலயே திருத்தத்தை எழுது" என்று ஃபீல்டு புக்கை நீட்டினார். "பேனாவுல. என்ன நடந்ததோ அதை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க." ஃபீல்டு புக்கில் கலாசியிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் கிடையாது. படியின் ஓரத்தில் உட்கார்ந்து நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அவரிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கவில்லை. "இன்னா எயுதிக்கீது? தமிள்ல படி மேடம்."

படித்தேன். கோலைக் கல்லின் மேல் வைக்கச் சொன்னது கருவியைப் பார்த்தவர். வித்தியாசத்தை அளந்து எழுதாமல் விட்டதும் அவரே. பிடித்தவர் மேல் தவறில்லை. நடுத்தெருவில், ஸ்கூட்டரில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, என் தப்பை என் வாயாலேயே சத்தமாகப் படித்தேன். படித்து முடித்ததும், "மன்னிச்சிடுங்க அண்ணே. அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன்.

"கத்துனது இருக்கட்டும் மேடம். எங்க வூட்லயும் கத்துவாங்க. நான் சொல்ல வந்தத்த கேக்கவேயில்ல பாரு நீ. அதான் ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு."

அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து புக்கில் விரலை வைத்தார், நான் எழுதிய கடைசி வரிக்கு அடியில்.

"இங்க எயுது. கோல் புட்சவரு போல்ட்டு மேலதான் வெக்கணும்னு சொன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு."

எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார், படித்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.